மழையில் முன் வீல் சறுக்கினால் எந்த டயர் போடுவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். அப்பாவின் 2014 மாடல் 125 சிசி வண்டி. இரண்டு வருடம் வீட்டில் சும்மா நின்றது. இப்போது மேலூரிலிருந்து மதுரைக் கல்லூரிக்கு நீங்கள் தினமும் அதில் போய்வருகிறீர்கள். போன வாரம் பெய்த முதல் மழையில், மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு திருப்பத்தில் பிரேக் பிடித்தபோது முன் வீல் சறுக்கி விழுந்துவிட்டீர்கள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, நல்லவேளை. பின் டயர் போன வருடம் மாற்றியது. முன் டயர் வண்டியோடு வந்தது, பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர்க் கட்டைகள்) இன்னும் நிறைய இருக்கிறது. கூட்டாளிகள் அகல டயர் போடு, மழைக் காலத்தில் காற்றைக் குறைத்து வை என்கிறார்கள். எதைச் செய்வது?

அகல டயர் வேண்டாம். காற்றைக் குறைக்க வேண்டாம். முன் டயரை மாற்றுங்கள், இந்த வாரமே. ஏன் என்பதுதான் பெரிய கதை.

ஒத்தக்கடையில் எங்கள் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். அதே இடத்தில் நான் டயர் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் பின் டயரை மாற்ற வந்தவர்கள் எத்தனையோ பேர். முன் டயரை அவர்களாகவே கேட்டு வந்தவர்களை எண்ணிவிடலாம். பின் டயர் சீக்கிரம் தேய்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றுகிறார்கள். முன் டயர் மெதுவாகத் தேய்வதால் அது நன்றாக இருப்பதாகவே தோன்றிவிடுகிறது. ஆனால் பின் வீல் வழுக்கினால் வண்டி அலசும், பாதி நேரம் சமாளித்துவிடலாம். முன் வீல் வழுக்கினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் தரையில் கிடப்போம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். 1814 என்று இருந்தால் 2014-ஆம் வருடம் 18-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். அப்புறம் கட்டைவிரல் நகத்தை டயரின் நடுவில் ஓர் அழுத்து அழுத்துங்கள். நல்ல டயரில் நகம் கொஞ்சம் அமுங்கி, எடுத்ததும் தடம் மெல்ல மறையும். பழைய டயரில் கொட்டாங்கச்சியை அழுத்தின மாதிரி இருக்கும். டயரைக் கையால் அமுக்கி வளைத்தால் பட்டன்களுக்கு இடையில் கோடு கோடாக வெடிப்பு தெரியும், கண்மாய் வற்றின பிறகு சேறு வெடித்துக் கிடப்பதைப் போல.

ரப்பரின் பிடிப்பு இரண்டு வழியில் வருகிறது. ரோட்டின் ஜல்லி மேடு பள்ளமாக இருக்கிறது அல்லவா, ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள் அமுங்கிப் பதிந்து கவ்வுகிறது. ஜல்லியின் மேல்பரப்பில் ஒட்டியும் இழுக்கிறது. இரண்டுக்கும் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் வருடக்கணக்கில் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. ஓடாமல் நின்றாலும் இறுகும். மதுரை வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு வருடம் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். காய்ந்த ரோட்டில் இது தெரியாது, ஈரத்தில்தான் தெரியும். தண்ணீர் வந்ததும் ஒட்டுகிற வேலை பெரும்பாலும் போய்விடும், பள்ளத்தில் பதிகிற வேலை மட்டும் மிச்சம். இறுகிப்போன ரப்பர் அதையும் செய்யாது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆனதை எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பட்டன் தண்ணீரை ஒதுக்கி வழிவிடத்தான் இருக்கிறது, பிடிப்பது ரப்பர்.

சரி, அகல டயருக்கு வருகிறேன். உங்கள் வண்டி 120 கிலோ, நீங்கள் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் வீலில் ஏறக்குறைய 100 கிலோ இறங்கும். டயரில் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ தாங்கும். ஆக, ரோட்டில் படிகிற இடம் சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டீக்கடை உளுந்த வடை ஒன்றின் அளவு. வண்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முன்னால் ஒரு வடை, பின்னால் ஒரு வடை, அவ்வளவுதான் நமக்கும் ரோட்டுக்கும் உள்ள தொடர்பு. அகல டயர் போட்டாலும் எடையும் காற்றும் மாறாததால் இந்த அளவு பெரிதாகக் கூடாது. வடையின் வடிவம்தான் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். உங்கள் ரிம் குறுகலானது. அதில் அகல டயரைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுத்து, நடுப்பகுதி கூம்பிவிடும். நேராகப் போகும்போது உள்ள பிடிப்பும் குறையும். செயின் கவரில் உரசும், மைலேஜ் குறையும், வண்டி திருப்பத்துக்கு மடங்க மறுக்கும். ரிம் அகலத்துக்குப் பொருந்தும் என்று டயர் கம்பெனியே சொல்கிற அளவு தவிர வேறு எதுவும் வேண்டாம்.

இனி நீங்கள் விழுந்த இடத்துக்குப் போவோம். நீங்கள் மேலூர்க்காரர், பெரியாறு பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது தெரியும். மடையில் வருகிற தண்ணீர் ஓர் அளவுதான். மேல வயலுக்குத் திறந்தால் கீழ வயலுக்குக் குறையும். டயரின் பிடிப்பும் அப்படித்தான். பிரேக், திருப்பம், ஆக்ஸிலேட்டர் முறுக்கு மூன்றுக்கும் ஒரே மடை. திருப்பத்துக்கே பெரும்பகுதி போய்விட்டால் பிரேக்குக்குக் கொஞ்சம்தான் இருக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர், தன் மேல் உள்ள எடையில் 100-க்கு 70 பங்கு அளவுக்கு இழுத்துப் பிடிக்கும் என்று வையுங்கள். நனைந்த ரோட்டில் 40 பங்கு. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால் திருப்பம் மட்டுமே 35 பங்கைக் கேட்கும். அதே திருப்பத்தில் 40 என்றால் 63 பங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, கேட்கிற பிடிப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற சமாச்சாரம் இது. இப்போது பாருங்கள்: காய்ந்த நாளில் 40-ல் நீங்கள் அலட்டாமல் திரும்பிய அதே இடத்தில், மழை நாளில் எவ்வளவு புது டயர் இருந்தாலும் 40-ல் திரும்ப முடியாது. 30-ல் திரும்பலாம், ஆனால் பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். இறுகிப்போன முன் டயரில் அந்தக் கொஞ்சமும் கிடையாது. நடுத் திருப்பத்தில் பஸ் குறுக்கே வந்திருக்கும், நீங்கள் பிரேக்கைப் பட்டென்று பிடித்திருப்பீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் கை அப்படித்தான் போகும். அதனால்தான் வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும் என்கிறேன். திருப்பத்துக்குள் போன பிறகு கை கால் எல்லாம் மெதுவாகத்தான் அசைய வேண்டும்.

நேர் ரோட்டிலும் இதே பங்குகளை வைத்துப் பார்த்தால், 40-ல் வருகிற வண்டி காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் நிற்கும், ஈரத்தில் 16 மீட்டர். 60-ல் வந்தால் 20 மீட்டர், ஈரத்தில் 35. மூளைக்குத் தெரிந்து கை போவதற்கு ஆகும் ஒரு நொடியில் 40-ல் 11 மீட்டரும் 60-ல் 17 மீட்டரும் ஏற்கெனவே ஓடியிருக்கும். ரொம்பப் பழகிய கைக்குத்தான் இந்தக் கணக்கு வரும், புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிடக் கூடுதலாக ஆகும்.

முன் பிரேக்கைத் தொடாதே என்று ஊரில் பெரியவர்கள் சொல்லித்தருவது தப்பு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் அழுந்துகிறது, அதன் பிடிப்பு கூடுகிறது. பின் டயர் லேசாகிறது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் வீலுடையது. தப்பு, அதைப் பட்டென்று பிடிப்பதில் இருக்கிறது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் பிரேக் பிடித்தால் வீல் பூட்டிக்கொள்ளும். மாட்டில் பால் கறக்கும்போது காம்பை எப்படிப் பிடிப்போம், மெல்லத் தொட்டு, பிறகு அழுத்தி. அதே கைதான் இதற்கும். முதலில் லேசாகத் தொடுங்கள், முன்பக்கம் அமுங்குவது தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள், பின் பிரேக்கும் கூடவே. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலான புது வண்டிகளில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் காக்கும் அமைப்பு), 125 வரை அதுவோ இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்போ கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது, உங்கள் விரல்தான் ஏ.பி.எஸ். ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடங்களில் ஆளில்லாத நல்ல தார் ரோடு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட், ஷூ போட்டுக்கொண்டு போய், 20-ல் பத்துத் தடவை, 30-ல் பத்துத் தடவை நேராக நிறுத்திப் பழகுங்கள். புது டயரைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும்.

நீங்கள் தினம் வருகிற ரோடு எனக்கு உள்ளங்கை மாதிரி. மேலூர் ஊருக்குள் கல் லாரிகள் சிந்தும் தூளும் எம்-சாண்டும் திருப்பங்களின் வெளி ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நான்கு வழிச் சாலையில் ஏறினதும் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் சிட்டம்பட்டி சுங்கச்சாவடியில் டூவீலர் போகிற இடது ஓரத்தில் மணல் பரவியிருக்கும், அங்கே பிரேக்கை முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஒத்தக்கடை வந்ததும் ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் நிற்கிற இடங்களில் தார் மேல் ஆயில் சொட்டுச் சொட்டாக ஊறியிருக்கும். கோடை முழுக்கச் சேர்ந்த ஆயிலும் டயர் தூளும் புழுதியும் முதல் மழையில் மிதந்து மேலே வந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். முதல் அரை மணி நேரம்தான் ரொம்ப மோசம். நன்றாகக் கொட்டித் தீர்த்தால் ரோடு கழுவிப்போய்க் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். தூறல் ஆரம்பித்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுங்கி நின்று, பெருமழை அடித்து ஓய்ந்த பிறகு கிளம்புவதே நல்லது. மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட் பக்கம் வாழைநாரும் வாடின பூவும் நனைந்து கிடக்கும், அது போதும் சின்ன வீல் வழுக்க. சிக்னலில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் இணைப்புகளில் வரும் இரும்புப் பட்டை, இவையெல்லாம் நனைந்தால் கண்ணாடி. வண்டியைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், முறுக்காமல் நேராகத் தாண்டிவிட்டால் ஒன்றும் ஆகாது.

கிராமத்து ரோட்டில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தை, மாசியில் கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் உளுந்தையும் கொள்ளையும் சோளத்தையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி மிதித்துக் கொடுக்கும் என்று. களம் இல்லாத சம்சாரி வேறு எங்கே போவான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் செடியின் அடியில் கிடக்கும் மணி, டயருக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் கௌரவம் குறையாது. உச்சி வெயிலில் தார் உருகி மினுங்குகிற இடங்களும், வைகையின் தரைப்பாலங்களில் பாசி படிந்த ஓரங்களும் இதே கணக்கில் வரும்.

காற்று விஷயம். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் டயர் அதிகம் படிந்து பிடிக்கும் என்பது சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, பட்டன் இடைவெளிகள் மூடிக்கொள்ளும், தண்ணீர் வெளியேற வழி இருக்காது. ஹேண்டில் கனக்கும், திருப்பத்தில் வண்டி நெளியும், நெடுந்தூரம் போனால் டயர் சூடேறும். அதிகமாக அடித்தாலும் தப்பு: வடை சின்னதாகிவிடும், வண்டி குதிக்கும், குதிக்கிற நேரம் டயர் ரோட்டிலேயே இல்லை. செயின் கவரிலோ பின் வீலைத் தாங்கும் இரும்புக் கையிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. உங்கள் மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 28 என்ற கணக்கில் இருக்கும், பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயருக்குக் கூட்டச் சொல்லியிருப்பார்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்ததுதான் சரியான அளவு. மேலூரிலிருந்து வெயிலில் ஓடி வந்த பிறகு அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். பத்து நாளைக்கு ஒரு தடவை சாதாரணக் காற்றைச் சரிபார்த்தாலே போதும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம், வண்டியை ஓர் இடத்தில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். டயர் கருகருவென்று பளபளத்தது. கடைப் பையன் ஆசையாகப் பாலிஷை டயர் முழுக்க, நடுப்பகுதி வரைக்கும் பூசியிருக்கிறான். நானும் பார்த்தேன், அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். டயர் விற்கிற எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. முதல் இடது திருப்பத்தில், 25 வேகம்கூட இருக்காது, முன் வீல் வெண்ணெயில் வைத்த மாதிரி வெளியே போனது. காய்ந்த ரோடு. உள்ளங்கைத் தோல் பெயர்ந்து சில்லுக் கல் ஏறிவிட்டது. எழுந்து டயரைத் தொட்டுப் பார்த்தேன், விரலெல்லாம் பிசுபிசு. சர்வீஸுக்கு விடும்போது பாலிஷோ டீசலோ டயரில் படவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு எடுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஆயில் படுவது அதைவிட மோசம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய டயரில் இருக்கிற அளவையே கேளுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 47பி (47P) மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 47 என்றால் 175 கிலோ தாங்கும், பி என்றால் 150 கி.மீ. வேகம் வரை. வண்டியோடு வந்ததைவிடக் குறைந்ததைப் போடாதீர்கள். செய்த தேதி ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ரொம்ப நாள் உழைக்கும் என்று விற்கிற டயர் பெரும்பாலும் இறுக்கமான ரப்பர். தினம் ஏறக்குறைய 60 கி.மீ. ஓட்டுகிற உங்களுக்கு ரொம்ப மென்மையானதும் கட்டுப்படியாகாது. நடுத்தரமானது போதும். பெரிய பட்டன் வைத்த டயர் இப்போது பையன்களுக்குப் பிடிக்கிறது. மண்ணுக்கு அது நல்லது. தார் ரோட்டில், அதுவும் ஈரத்தில், பட்டன்களுக்கு நடுவே காலியிடம் அதிகம், ரோட்டில் படுகிற ரப்பர் குறைவு. நீங்கள் தினம் தாண்டிவருகிற வெள்ளரிப்பட்டியிலேயே டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் ஆலை இருக்கிறது, டூவீலர் டயர் நம் ஊர்ச் சரக்கு. ஆனால் கம்பெனியைவிடத் தேதியும் அளவும் முக்கியம். பேர் பெற்ற எந்தக் கம்பெனியானாலும் சரி.

மாட்டி முடித்ததும் பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி வீல் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பஞ்சர் ஒட்டி மாட்டும்போதும் இது மாறிப்போகும், அவசரத்தில் எங்கள் கடையிலேயே மாறியிருக்கிறது. டியூப் டயர் என்றால் டயரோடு டியூபையும் மாற்றுங்கள், பழைய டியூப் மடிந்து உரசிப் பஞ்சராகும். முதல் 100, 150 கி.மீ. வரை புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும், அதுவரை அதிகம் சாய்க்காமல், பட்டென்று முறுக்காமல் ஓட்டுங்கள். உங்களுக்கு அது மூன்று நாள் கல்லூரிப் பயணம்தான். அந்த மூன்று நாளும் மழை இல்லாமல் பார்த்து மாட்டிக்கொண்டால் நல்லது, ஐப்பசி வந்துவிட்டால் அது நம் கையில் இல்லை.

பின் டயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹைவேயிலேயே ஓடுகிற டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்து, இரண்டு பக்கமும் விளிம்பு கட்டிவிடும். வண்டியைச் சாய்க்கும்போது அந்த விளிம்பில் ஏறி இறங்குவது ஒரு தடுக்கல் மாதிரி தெரியும். போன வருடம் போட்டது என்றாலும் உங்கள் ஓட்டத்துக்கு ஆரம்பித்திருக்கலாம். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ முக்கோணமாகவோ அதற்கு அடையாளம் போட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. நீங்கள் அதுவரை காத்திருக்காமல், மழைக் காலத்துக்கு முன்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

வால்வுக்கு மூடி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கைக் காயம் ஆறுகிற வரைக்கும் பஸ்ஸில் போங்கள், தம்பி.